நடப்பவரிடம் என்ன சொல்வது?

ஆகஸ்ட் கடைசி வாரம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போயிருந்தால் அவர்களைப் பார்த்திருப்பீர்கள். காவி உடை, தோளில் ஒரு பை, பலர் காலில் செருப்பு இருக்காது. சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள். 29ஆம் தேதி கொடியேற்றம், செப்டம்பர் 8 திருவிழா. மரக்காணத்தைத் தாண்டும்போது சாலையோரம் உப்பளங்கள் விரியும், ஒதுங்க மரம்கூடக் கிடைக்காது. சாயங்காலமானால் மேற்கே இடி கிளம்பும். அந்த மாதங்களில் எங்கள் பக்க மழை அப்படித்தான். பகல் முழுக்கக் கொளுத்திவிட்டு ராத்திரி கொட்டும்.

நடப்பவர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு யோசனையெல்லாம் போனின் மறுமுனையில் இருப்பவர்களைப் பற்றித்தான்.

"சாப்டியா?"

"சாப்டேன்மா."

"மழயா அங்க?"

"இல்லமா, லேசா தூறல்தான். அங்க?"

"இங்க என்ன, எல்லாம் நல்லாத்தான் இருக்கோம். நீ பாத்துப் போ."

தமிழ்நாட்டில் தினமும் ராத்திரி லட்சம் தடவை நடக்கும் உரையாடல். இதில் இரண்டு பேருமே பொய் சொல்லியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அவன் நனைந்த துணியோடு ஏதோ கல்யாண மண்டப வாசலில் உட்கார்ந்திருப்பான். இவர் வீட்டில் கூரை ஒழுகிக்கொண்டிருக்கும். இந்தப் பொய்களை அன்பு என்றுதான் சொல்லிப் பழகியிருக்கிறோம். அது சரிதானா?

இது என் சித்தி வீட்டுச் சமாச்சாரம். சித்தி மரக்காணம் உப்பளத்தில் தினக்கூலி. மகனுக்குச் சென்னையில் வேலை. போன வருஷம் ஒரு வேண்டுதலுக்காகக் கூட்டத்தோடு நடந்தான். நான் கிளியனூரில், திண்டிவனம் - புதுச்சேரி சாலையோரம், வீட்டில் உட்கார்ந்துகொண்டு மழை பார்த்துச் சொல்லும் ஆள். வானிலைத் துறையின் காரைக்கால் ரேடார் படத்தைப் போனில் திறந்து, சிவப்பு எங்கே நகர்கிறது என்று பார்த்து அவனுக்கு மெசேஜ் போடுவது என் வேலை. சிதம்பரத்தில் மழை வரப்போவது அங்கே நடந்துகொண்டிருப்பவனுக்கு முன்பாக, நூறு கிலோமீட்டர் தள்ளி ஃபேனுக்கடியில் இருக்கும் எனக்குத் தெரியும். கொஞ்சம் கூச்சமான அதிகாரம்தான்.

அவன் சிதம்பரம் தாண்டிய அன்றைக்கு மரக்காணத்தில் நல்ல மழை. உப்பு விளைந்து வாரும் நிலையில் இருந்த பாத்திகள் கரைந்துபோயின. அப்படி ஒரு மழை பெய்தால், தேங்கிய நீரை வடித்து, பாத்தியைச் சரிசெய்து, மறுபடி உவர்நீர் ஏற்றி, வெயிலுக்குக் காத்திருக்க வேண்டும். அத்தனை நாளும் வாரும் வேலை இல்லை, கூலியும் இல்லை. உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு மழைக்கால நிவாரணமாக ஐயாயிரம் ரூபாய் தருகிறது. அது வடகிழக்குப் பருவமழை மாதங்களுக்கு. ஆகஸ்ட் மழைக்குக் கணக்கில்லை. சித்தி எனக்குப் போன் செய்து சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அவன்கிட்ட வாயத் தொறக்காத. தெரிஞ்சா பஸ் ஏறி வந்துடுவான்."

வள்ளுவர் சித்தியின் பக்கம் நிற்பார் என்று தோன்றும். வாய்மை அதிகாரத்தின் இரண்டாவது குறள் பொய்க்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் அது குறுகலான வாசல். விளையும் நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும். நேர் எதிரே காண்ட் நிற்கிறார். 1797இல் எழுதிய ஒரு கட்டுரையில், நண்பனைக் கொல்லத் தேடி வாசலில் நிற்பவனிடம்கூடப் பொய் சொல்லக்கூடாது என்றார். கேட்டவுடன் சிரிப்போம், கோபப்படுவோம். ஆனால் அவர் சொன்ன காரணங்களில் ஒன்றை நான் தள்ள முடியாமல் வைத்திருக்கிறேன். நீ பொய் சொல்கிறாய். அதற்குள் நண்பன் பின்வாசலால் வெளியேறியிருந்து, கொலைகாரன் அவனை வழியில் பார்த்துவிட்டால்? நன்மை என்று நினைத்துச் சொன்ன பொய்யின் விளைவு உன் கையில் இல்லை.

மழை விஷயத்தில் இது அப்படியே பொருந்துகிறது. "பயமில்லை, நட" என்று தைரியத்துக்காக ஒரு வார்த்தை சொல்லி, வெட்டவெளியில் இடி இறங்கினால்? பயத்தில் கூட்டிச் சொல்லி, அவன் இல்லாத மழைக்கு ஒதுங்கி, கூட்டத்தைத் தவறவிட்டால்? வள்ளுவர் கேட்கும் குற்றமற்ற நன்மைக்கு உத்தரவாதம் தர வானிலை ஆய்வு மையத்தாலேயே முடியாது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறிய பிறகும் நகராமல் நின்றதும், பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியதும் எங்கள் ஊரில் யாருக்கும் மறக்காது.

வெட்டவெளியில் இருப்பவனிடம் வழியைப் பற்றிப் பொய் சொல்லக்கூடாது, அவ்வளவுதான். இதில் நான் காண்ட் கட்சி. இதற்குக் கோனிக்ஸ்பர்க் வரை போகவும் வேண்டாம். பத்துப்பாட்டின் சிறுபாணாற்றுப்படை இந்த ஓய்மாநாட்டில் நடக்கிற பாட்டு. அதில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்பார்கள், கிடங்கில் இன்றைய திண்டிவனத்துக்குள் இருக்கிறது. ஆற்றுப்படை என்பதே என்ன? போய் வந்த ஒருவன், போகப்போகிற இன்னொருவனுக்கு வழி சொல்வது. எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதுவரை சொல்லிவிடுகிறான். செங்கம் பக்கத்து மலைபடுகடாம் இன்னும் நேர்மையானது. பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு, வழுக்கும் பாறை என்று எல்லா ஆபத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறது. ஆனால் போகாதே என்று சொல்வதில்லை. அவர்கள் போகட்டும், தெரிந்துகொண்டு போகட்டும் என்பதுதான் தொனி. வீட்டிலிருந்து துணை நிற்பதற்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. என் ரேடார் மெசேஜ்களை அப்படித்தான் எழுதப் பார்த்தேன். "மேற்கே பெரிய மேகம், ஒரு மணி நேரத்துல வரலாம்." அவ்வளவே. "ஒதுங்கு" என்று எழுதக் கை துடிக்கும். அந்தச் சொல் வேறு வேலை செய்கிறது, அவன் காலை என் கையில் எடுத்துக்கொள்கிறது.

சித்தியின் கேள்வி வேறு, கஷ்டமானது. அவர் மறைத்தது வழியை அல்ல, வீட்டை. தன் கஷ்டத்தைச் சொல்லாமல் இருக்க ஒருவருக்கு உரிமை இல்லையா? உண்டு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் "தெரிஞ்சா வந்துடுவான்" என்பதைக் கவனியுங்கள். அவன் என்ன முடிவெடுப்பான் என்று தெரிந்துதான் மறைக்கிறார். அந்த முடிவை அவனுக்குப் பதில் தானே எடுத்துவிடுகிறார். சீர்காழியில் வேறொருவர் மூலம் அவனுக்கு விஷயம் தெரிந்தது. பஸ் ஏறவில்லை. போனில் கத்தினான்: "ஏம்மா, நான் என்ன சின்னப் புள்ளயா? சொல்லியிருந்தா மத்தவங்ககிட்ட காசு வாங்கியாவது அனுப்பியிருப்பேன்ல." நடந்தே போய்ச் சேர்ந்தான்.

1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜியுடன் சுமார் நூறு பேர் வேதாரண்யத்துக்கு நடந்தார்கள், அதுவும் உப்புக்காக. சுமார் 240 கிலோமீட்டர், பதினைந்து நாள். மழைக் காலமில்லை, சித்திரை வெயில். தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், இவர்களுக்குச் சோறோ இடமோ தருபவர்களுக்கு ஆறு மாதம்வரை சிறை என்று அறிவித்தார். ஒரு விதத்தில் தார்ன் சரியாகப் புரிந்துகொண்டவர்: வீட்டிலிருந்து சோறு கொடுப்பவரும் நடக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஜனங்கள் சாலையோர மரங்களில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். கொடுத்தது யார் என்று போலீசுக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பொட்டலத்துக்கு என்ன விலை என்பது நடந்தவர்களுக்குத் தெரியும். உத்தரவு ஊரறிந்தது. யாரும் அதை அவர்களிடமிருந்து மறைக்கவில்லை. தெரிந்தே சாப்பிட்டார்கள், தெரிந்தே நடந்தார்கள். 28ஆம் தேதி போய்ச் சேர்ந்தார்கள்.

இதையெல்லாம் சித்தியிடம் ஒருநாள் சொன்னேன், தார்ன் வரைக்கும். வெத்தலையை மடித்துக்கொண்டே கேட்டார். "எல்லாம் சரிதான் கண்ணு. ஆனா ராஜாஜியோட அம்மா அவருக்குத் தெனம் ராத்திரி போன் பண்ணலயே" என்றார்.