கேட்டு உண்பதன் அறம்

இறைச்சியை மட்டுமன்றிப் பால், தயிர், நெய், தேன் என உயிர்களிடமிருந்து பெறப்படும் யாவற்றையும் விலக்கி உண்ணும் நெறி நனிசைவம் எனப்படுகிறது. 1944-இல் இங்கிலாந்தில் தோன்றிய வீகன் சங்கம் இதற்கு அமைப்பு வடிவம் தந்தது எனினும், இந்நெறியைப் பின்பற்றுபவர் தமிழ்நாட்டின் ஒரு சைவ உணவகத்தில் அமர்ந்ததும் எதிர்கொள்ளும் சிக்கல் அதனினும் மிகப் பழையது. சைவம் என்னும் அறிவிப்புப் பலகை பாலையோ நெய்யையோ விலக்குவதில்லை. வெண்பொங்கலில் மிதக்கும் நெய் கண்ணுக்குப் புலப்படும், ஆனால் குருமாவில் கலந்த தயிரும், பரோட்டா மாவில் சேர்த்த பாலும், ரசத்தின் தாளிப்பில் விட்ட நெய்யும் கேட்டாலன்றித் தெரிவதில்லை. பொட்டலமிட்ட உணவுகளுக்கு இந்தியாவில் 2022-இல் நனிசைவத்துக்கெனத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. உணவக மேசையிலோ பெரும்பாலும் பரிமாறுபவரிடம் கேட்கும் கேள்வியே ஒரே வழியாக இருக்கிறது. அக்கேள்வியைக் கேட்காமல் உண்டவருக்கு அவருடைய அறியாமை விலக்களிக்குமா என்பதே இங்கு எழும் வினா.

பௌத்தம் இவ்வினாவைத் துறவியின் பிச்சைப் பாத்திரத்தை முன்வைத்து ஆராய்ந்தது. மருத்துவர் ஜீவகருக்குப் புத்தர் கூறியதாக மச்சிம நிகாயம் பதிவு செய்துள்ள விடையின்படி, தமக்காகவே உயிர் கொல்லப்பட்டது என்பதைத் துறவி கண்டிருந்தாலோ, கேட்டிருந்தாலோ, ஐயுற்றிருந்தாலோ அந்த ஊனை ஏற்கலாகாது. இம்மூன்றும் இல்லையெனில் ஏற்கலாம். மீனும் ஊனும் துறவியருக்கு அறவே கூடாதென விதிக்குமாறு சங்கத்துத் துறவியாகிய தேவதத்தர் வேண்டியபோது புத்தர் அதற்கு இணங்கவில்லை என்று விநய பிடகம் கூறுகிறது. வினையின் வேர் சேதனை, அதாவது மனத்தின் நோக்கம், என்னும் கொள்கையே இதற்கு அடிப்படை. நோக்கமும் அறிவும் இல்லாத இடத்தில் குற்றம் பற்றுவதில்லை. பிற்கால மகாயான நூலாகிய இலங்காவதார சூத்திரம் இந்தச் சலுகையை ஏற்காமல் ஊனுணவை முற்றிலும் கண்டித்தது.

சமணம் தொடக்கத்திலிருந்தே வேறு நிலையில் நின்றது. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல் ஆகிய மூன்று வழிகளிலும் வினை ஒருவரை வந்தடையும் என்பது அதன் கோட்பாடு. பௌத்தக் காப்பியமாகிய குண்டலகேசிக்கு மறுப்பாகத் தமிழில் எழுந்த நீலகேசி, கொன்றவன் ஒருவன், தின்றவன் வேறொருவன் என்று பொறுப்பைப் பிரித்துவிட முடியாதென வாதிடுகிறது. திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரமும், தின்பவர்க்காகவே விற்பவர் இருக்கின்றனர் என்னும் தொடர்பைச் சுட்டி, வாங்குபவரைக் கொலையின் தொடக்கத்திலேயே நிறுத்துகிறது.

இவ்விரு நிலைகளுள் உணவகத்துக்குப் பொருந்துவது சமணரும் வள்ளுவரும் காட்டிய நிலையே. துறவி வாயிலில் நின்று கிடைத்ததை ஏற்கிறார். உணவகத்துக்குச் செல்பவரோ இன்னது வேண்டும் என்று சொல்லி, அதற்கு விலையும் தருகிறார். சொல்லிப் பெறுவது செய்வித்தலில் அடங்குமாதலால், துறவிக்கு உரிய விலக்கு அவருக்கு உரியதாகாது. கேட்டால் தெரியக்கூடியதைக் கேட்காமல் விடுவது அறியாமை ஆகாது, அறிய மறுத்தலே ஆகும்.

எனினும் சமண மரபு பாலையும் நெய்யையும் ஏற்றுவந்திருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. தேனை ஊனுக்கு நிகராக விலக்கிய அம்மரபு, பால் கொலையின்றிக் கிடைப்பது எனக் கருதியது. திகம்பரச் சமணத் துறவியர் கையிலேந்தும் மயிற்பீலி தானே உதிர்ந்ததாக இருக்க வேண்டும் என்னும் எண்ணமும் இதனோடு ஒத்தது. ஆனால் இன்றைய பால் அவ்வாறு தானே கிடைப்பதன்று. மாடு மீண்டும் மீண்டும் சினைப்படுத்தப்படுகிறது, காளைக்கன்று வேண்டாததாகிறது, கறவை வற்றிய மாடு பெரும்பாலும் விற்கப்பட்டு இறைச்சிக்குச் செல்கிறது. ஆகவே அம்மரபின் அளவுகோலைக் கொண்டே அம்மரபு ஏற்ற பாலை மறுக்க இடமுண்டு.

இங்கே பலரும் கலந்துவிடும் இரண்டு கருத்துகளைப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று தூய்மை, அதாவது விலக்கிய பொருள் தீண்டினாலே உணவு கெடும் என்னும் எண்ணம். மற்றொன்று கொல்லாமை, அதாவது தன் செயலால் உயிர்க்குத் துன்பம் விளைகிறதா என்னும் ஆய்வு. நெய்த்தோசை வார்த்த கல்லிலேயே எண்ணெய்த் தோசையும் வார்க்கப்பட்டது என்பதால் ஒரு துளிப் பால்கூடக் கூடுதலாகக் கறக்கப்படுவதில்லை. கல்லைக் கழுவுமாறு வற்புறுத்துபவர் தூய்மையைப் பேணுகிறார்; அதில் தவறில்லை, ஆனால் அது கொல்லாமை அன்று. இதற்கு மாறாகக் குருமாவில் தயிர் உண்டா என்று கேட்பதும், தயிர் இல்லாத ஒன்றைக் கேட்டுப் பெறுவதும் சமையற்கூடத்தின் வாங்கலைச் சிறிதளவேனும் மாற்றக்கூடியவை.

தெளிவாகச் சொல்லியும் நெய் ஊற்றிய பொங்கல் தவறுதலாக வந்துவிடும் நிலையே மிகவும் கடினமானது. திருப்பி அனுப்பினால் அது பெரும்பாலும் குப்பைக்கே போகும். உண்ண வந்தவர் அதைக் கேட்கவில்லை, விரும்பவுமில்லை. ஆகவே முதன்முறையாக அவருடைய தட்டு துறவியின் பாத்திரத்தை ஒத்த நிலைக்கு வருகிறது. பிழையைப் பரிமாறுபவரிடம் அமைதியாக எடுத்துச் சொல்லிவிட்டு அதை உண்பவர் மீது கொல்லாமை நோக்கில் குற்றம் காண்பது அரிது. ஆனால் ஒன்றும் சொல்லாமல் உண்டுவிட்டு, மறுமுறை அதே உணவகத்தில் அதே பொங்கலைக் கேட்பவரிடம் ஐயமும் உடன் வந்து அமர்ந்திருக்கும். புத்தர் விதித்த மூன்று நிபந்தனைகளின்படியே அப்போது அவருக்கு விலக்கு கிட்டாது.