குச்சியைப் பிடிப்பது யார்?

பாகலுக்குப் பந்தல் போட்டுவிட்டால் போதும், ஏறுவதை அது பார்த்துக்கொள்ளும். தக்காளிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஏறுகொடிகள் எவ்வெவ்வாறு ஏறுகின்றன என்று வகைபிரித்து சார்லஸ் டார்வின் எழுதிய ஆய்வு 1875இல் நூலாக வந்தது. சில கொம்பைச் சுற்றுகின்றன, சில இலைக்காம்பால் பிடிக்கின்றன, சில பற்றுக்கம்பி நீட்டுகின்றன. இவற்றில் எதுவும் தக்காளிக்கு வராது. பக்கத்திலேயே குச்சி நட்டாலும் அது பிடிக்காது. யாராவது கட்டிவிட வேண்டும்.

பிடிப்பதா, பிடிக்கப்படுவதா? காஞ்சிபுரத்துக்கு இது பழகிய கேள்வி.

வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகர் 1268இல் பிறந்தது இவ்வூரின் தூப்புலில். வைணவத்தின் இரு பிரிவுகளில் வடகலையார் அவரை ஆசாரியராகக் கொண்டாடுகிறார்கள். தென்கலையார் ஸ்ரீரங்கத்துப் பிள்ளை லோகாசாரியரை. இரு கலைக்கும் பொதுவான ஆசாரியர் ராமானுஜர். இரு கலைக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு குட்டிகளை வைத்துச் சொல்வது வழக்கம். குரங்குக்குட்டி தாயைத் தானே கட்டிக்கொள்ளும். பூனைக்குட்டியைத் தாய் கவ்விக்கொண்டு போகும். முன்னது வடகலை, பின்னது தென்கலை.

அப்படியானால் பாகல் வடகலை, தக்காளி தென்கலை என்று முடித்துவிடலாமா? முடியாது.

தேசிகர், உயிரின் முயற்சியே மோட்சம் தரும் என்று சொன்னவரல்ல. தருவது பெருமாளின் கருணை. உயிர் செய்யும் சரணாகதி அதற்கு ஒரு வியாஜம், அதாவது சாக்கு மட்டுமே. லோகாசாரியருக்கு அந்தச் சாக்கும் வேண்டாம். நீட்டிய கையை விலக்காமல் இருந்தால் போதும். பாரம் தாங்குவது யார் என்பதில் இருவருக்கும் சண்டையே இல்லை. உயிரின் பங்கு எவ்வளவு என்பதில்தான் பேச்சு.

தோட்டத்தில் இந்தப் பங்கைக் கண்ணால் பார்க்கலாம். பெரியகுளத்தில் உருவான பிகேஎம்-1 போன்ற குத்துரகத் தக்காளி ஓரளவுக்கு மேல் உயராது. உயர்ந்துகொண்டே போகும் ரகத்தைக் கட்டாமல் விட்டால் தரையில் சாயும், மண்ணில் பட்ட காய் அழுகும், மழையில் தெறிக்கும் சேற்றோடு இலைக்கு நோய் ஏறும். கட்டுவதிலும் கணக்கு உண்டு. கயிற்றைக் குச்சியில் இறுக்கி, தண்டைச் சுற்றித் தளர்வாக விட வேண்டும். தண்டு பருக்கும்போது இறுக்கிய முடிச்சு அதை அறுத்துவிடும். வளர வளர மேலே மேலே கட்ட வேண்டும். கட்டுவது செடியின் வேலையல்ல. ஆனால் வளர்வதை அதற்காக யாரும் செய்துவிட முடியாது. தக்காளியை லோகாசாரியர் பக்கம் வைத்தாலும், தேசிகர் கேட்ட அந்தச் சிறு பங்கு அதற்குள்ளேயே இருக்கிறது.

காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலை முன்னிட்டு இரு கலையாரும் தலைமுறைகளாக நீதிமன்றம் ஏறியிருக்கிறார்கள். அங்கே போன வழக்கு, சன்னதியில் யார் ஓதுவது, எதை முதலில் ஓதுவது என்பது பற்றியது. தேசிகரும் லோகாசாரியரும் கேட்ட கேள்வி அதுவல்ல.