காது சொன்னதா, கண் சொன்னதா?

பாலக்கோடு என்றால் உங்களுக்குத் தக்காளி ஞாபகம் வரும். எனக்கு ஒரு நண்பரின் மாடி அறை ஞாபகம் வரும்.

தக்காளி மண்டி வைத்திருப்பவர். காலையில் ஏலம் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் வருகிற மனிதர், சாப்பிட்டு மாடி ஏறினால் வேறு ஆள். ஜன்னலுக்குக் கனமான திரை, எதிரே இரண்டு ஸ்பீக்கர், நடுவில் ஒரே ஒரு நாற்காலி. நாம் போனால் நமக்கு அந்த நாற்காலியைக் கொடுத்துவிட்டு அவர் தரையில் உட்கார்ந்துகொள்வார். அவ்வளவு நல்லவர்.

இங்கிலாந்தில் 'வாட் ஹை-ஃபை' என்று ஒரு பத்திரிகை. சிறந்த ஆம்ப்ளிஃபயர், சிறந்த ஸ்பீக்கர் என்று வருஷா வருஷம் விருது அறிவிக்கும். நமக்குத் தீபாவளி மலர் மாதிரி இவருக்கு அது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியதே, அந்த சீசனில் விருது வாங்கிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கிவிட்டார். அப்பா காலத்து சோனோடைன், கண்டன்சர் மாற்றி இன்னும் உயிரோடு இருப்பது, கீழ்த்தட்டுக்கு இறங்கியது.

போன மாதம் போயிருந்தேன். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' போட்டார். 1986ல் வந்த ஆல்பம். வி.எஸ்.நரசிம்மனின் வயலின்.

"கேளுப்பா, வில்லு கம்பியில உரசறது கூடக் கேக்குது பாரு. பழசுல இது வருமா?"

நிஜமாகவே அழகாக இருந்தது. காபி கொண்டுவந்த அவர் மகள் மட்டும் என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தாள். கிளம்பும்போது வாசலில் பிடித்துக்கொண்டாள்.

"சித்தப்பா, அது பழசுதான். பொங்கல் லீவுல விளையாட்டா ஸ்பீக்கர் ஒயரைப் பழசுல மாத்திச் சொருகினேன். புதுசுல லைட்டு மட்டும்தான் எரியுது. வால்யூமெல்லாம் அப்பா செல்போன்லயே வெச்சுக்கறாரு. கண்டுபிடிப்பாருன்னு பார்த்தேன். இப்ப சொல்ல பயமா இருக்கு. நீங்களும் சொல்லிடாதீங்க."

சொல்வதா, வேண்டாமா?

அவரைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை இல்லை. 1994ல் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஒலி நிபுணர்கள், ஹார்மன் கம்பெனி ஊழியர்கள் 40 பேரை உட்காரவைத்து ஸ்பீக்கர்களுக்கு மார்க் போடச் சொன்னார்கள். ஒரு தடவை திரைக்குப் பின்னால், ஒரு தடவை கண்ணெதிரே. கண்ணால் பார்த்ததும் மார்க் மாறிப்போனது. பெரிசாக, பார்க்க லட்சணமாக இருந்தது உயர்ந்தது. சின்ன ஸ்பீக்கர் இறங்கியது. தொழிலே அதுவாக இருக்கிறவர்களுக்கே இந்த கதி. (விளம்பரத்தில் 20,000 ஹெர்ட்ஸ் வரை என்று போடுகிறார்கள். ஐம்பதை நெருங்கும்போது காது அந்த உச்சியை எப்போதோ கைவிட்டிருக்கும். என் காதும்தான்.)

இன்னொரு கதை. மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க கம்பெனியின் இசைத்தட்டுகள், டிஜிட்டல் கலப்பே இல்லாமல் ஒரிஜினல் டேப்பிலிருந்து நேராக வருகின்றன என்று ரசிகர்கள் நம்பினார்கள். சில தட்டுகள் 125 டாலர். 2011லிருந்தே பல தட்டுகளில் நடுவே டிஜிட்டல் புகுந்துவிட்டது என்பது 2022ல் வெளியே வந்தது. அதுவரை பத்து வருஷம், "அனலாக்னா அனலாக்தான்யா" என்று கண்மூடிக் கேட்டவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். கம்பெனி பணத்தைத் திருப்பித் தர ஒத்துக்கொண்டது.

பணம் திரும்பும். அந்தப் பத்து வருஷ சந்தோஷம்? அது பொய்யா?

இல்லை என்பேன். பாட்டு உண்மை, உருகினது உண்மை. நான் படித்தது பி.காம். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காசு கொடுத்து வாங்கின குட்வில் சொத்துதான் என்று அக்கவுண்டன்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். இவரும் காசு கொடுத்துத்தானே வாங்கியிருக்கிறார், இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஊர் வந்து சேர்ந்தேன்.

சென்ற வாரம் போனில் பேசும்போது சொன்னார். மண்டியில் கணக்கு எழுதுகிற பையனும் அதே ஆம்ப்ளிஃபயரைத் தவணையில் வாங்கப்போகிறானாம். "நாந்தான் சொன்னேன், பழசுக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்னு." தவணை இரண்டு வருஷம்.

தன் காசில் தான் நம்பிக்கொள்வது ஒன்று. அடுத்தவன் சம்பளத்தில் கை வைக்கிற நம்பிக்கை வேறு. இதே மனிதர் மண்டியில் எந்தப் பெட்டி வந்தாலும் முதலில் கையை அடிவரைக்கும் விடுவார். மேலே பழம், அடியில் காய் என்று இருந்தால் கொண்டுவந்தவன் அன்றைக்குத் தொலைந்தான்.

மகளுக்கு போன் செய்தேன். "நீயே சொல்லிடும்மா. இல்லேன்னா ஞாயித்துக்கிழமை நான் வந்து அவர் கண்ணெதிர்ல ஒயரை மாத்திக் காட்டறேன்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் கேட்டாள்: "அதுக்கப்புறம் அவரு பாட்டு கேக்கறதையே விட்டுட்டா, சித்தப்பா?"

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.