மோஞ்சு உலையும் பவாரணையும்

ஜப்பானின் சுருகா நகரில் கட்டப்பட்ட மோஞ்சு என்னும் முன்மாதிரி ஈனுலை, அதாவது எரிப்பதைவிட மிகுதியான எரிபொருளை ஈனுமாறு வடிவமைக்கப்பட்ட அணு உலை, அறியாமையை ஞானவாளால் அறுப்பவராகப் பௌத்தம் போற்றும் மஞ்சுஸ்ரீ போதிசத்துவரின் பெயரைத் தாங்கியது. 1995 டிசம்பர் 8 அன்று, வெப்பமானியின் உறை அதிர்வால் முறிந்து, உலையின் வெப்பத்தைக் கடத்தும் இரண்டாம் சுற்றுக் குழாயிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோ சோடியம் கசிந்து தீப்பற்றியது. கதிரியக்கம் வெளியேறவில்லை என்றாலும், உலையை நடத்திய அரசு நிறுவனம் சேதத்தைக் காட்டும் காணொளியை வெட்டிச் சுருக்கி வெளியிட்டது தெரியவந்தபோது மக்களின் நம்பிக்கை சிதைந்தது.

வினைக்கு உயிர் சேதனை, அதாவது மனத்தின் நோக்கம், என்று பௌத்தம் கொள்வதால், நோக்கம் பலரிடம் சிதறிக் கிடக்கும் ஒரு நிறுவனத்தில் குற்றம் யாருடையது என்பது கடினமான வினாவே. ஆயினும் உறை முறிந்ததில் எவருடைய நோக்கமும் இல்லை, காணொளியை வெட்டியதில் நோக்கம் இருந்தது. இவ்வாறு மறைப்பதற்கு நேர்மாறான வழக்கம் பௌத்தத் துறவியரிடம் உண்டு: அவர்களின் மழைக்கால உறைவின் முடிவில் நிகழும் பவாரணைச் சடங்கில், பிறர் கண்டதோ கேட்டதோ ஐயுற்றதோ ஆன தம் குறைகளைச் சுட்டுமாறு ஒவ்வொரு துறவியும் சங்கத்தைத் தாமே வேண்டுகிறார். வெறும் ஐயமும் அங்கே பேசும் தகுதி பெறுகிறது. அணு உலையைப் பொறுத்தவரை அவ்வேண்டுதலை முதலில் செய்யவேண்டியவர் அதை நடத்துபவரே, ஏனெனில் சோடியக் குழாயின் உள்ளே நிகழ்வதைக் காணும் வழி சுற்றி வாழும் மக்களுக்கு இல்லை.