முகம் பாராத கொடை

பாத்திரமறிந்து கொடு என்று நம் பெரியவர்கள் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள். ஒரு குடும்பம் கொடுக்கும்போது அது விவேகமாக இருக்கலாம். அரசு கொடுக்கும்போதும் வாங்குகிறவரின் தகுதியை எடைபோட வேண்டுமா? வேண்டாம் என்பதே அறத்துக்கு நெருக்கமான விடை என்று நான் கருதுகிறேன். அதற்கு ஓர் உதாரணம்: அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் செர்ரி என்றொரு கவுண்டி, அதாவது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி, இருக்கிறது. மணற்குன்றுகளும் மேய்ச்சல் புல்லுமான அந்த நிலப்பகுதி கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரியது. மாடு வளர்ப்புதான் பிழைப்பு. மழை பொய்த்தால் அங்கே நிவாரணம் உண்டா என்பதை, வியாழக்கிழமைதோறும் வெளியாகும் தேசிய வறட்சி வரைபடமே தீர்மானிக்கிறது. 2014ஆம் ஆண்டு வேளாண் சட்டம் வகுத்து 2025 வரை இருந்த விதிப்படி, மேய்ச்சல் பருவத்தில் கவுண்டியின் ஏதாவது ஒரு மூலை தொடர்ந்து 8 வாரம் கடும் வறட்சியில் கிடந்தால் போதும், கவுண்டி முழுவதிலும் உள்ள பண்ணையாளர்களால் விண்ணப்பிக்க முடிந்தது. மாடுகளின் எண்ணிக்கை, புல்வெளியின் பரப்பு, குத்தகைச் சீட்டு ஆகியவற்றைக் காட்டினால், மாதத் தீவனச் செலவில் 60 விழுக்காடு என்ற கணக்கில் பணம் வரும். இவர் உழைப்பாளியா, சோம்பேறியா, ஊரில் நல்ல பெயர் உள்ளவரா என்ற விசாரணை கிடையாது. நல்லவர்க்கும் தீயவர்க்கும் ஒன்றுபோலப் பெய்யும் மழையைத்தான் மத்தேயு நற்செய்தியில் இயேசு இறைவனின் கருணைக்குச் சான்றாகக் காட்டுகிறார். அந்த மழை பொய்த்த இடத்தில் அரசு செய்யும் உதவிக்கும் அதே இயல்பு இருப்பதுதான் பொருத்தம்.

முகம் பார்த்துக் கொடுத்தால் என்ன நேரும் என்பதற்கு அந்த நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. அமெரிக்க வேளாண்துறையின் பண்ணைக் கடன் விண்ணப்பங்களில் உள்ளூர் விவசாயிகள் தேர்ந்தெடுத்த கவுண்டிக் குழுக்களின் சொல்லுக்குப் பெரும் எடை இருந்தது. அக்கம்பக்கத்தாருக்குத்தானே யார் தகுதியானவர் என்று தெரியும் என்பது அதன் பின்னிருந்த நம்பிக்கை. அந்த அறிமுகமே கறுப்பின விவசாயிகளுக்கு வினையாக முடிந்தது. கடனிலும் உதவித் தொகையிலும் தங்களுக்குப் பாகுபாடு காட்டப்பட்டதாக அவர்கள் தொடுத்த பிக்ஃபோர்ட் வழக்கு 1999இல் சமரசத்தில் முடிந்து, அரசு நூறு கோடி டாலருக்கும் மேல் கொடுக்க நேர்ந்தது. தகுதியை அளக்கும் கை, தன் வெறுப்பையும் சேர்த்தே அளக்கிறது. வரைபடத்துக்கு அந்தக் கை இல்லை.

நல்ல காலத்தில் வைக்கோல் சேர்த்து, மந்தையைக் குறைத்து, முன்யோசனையோடு நடந்தவருக்கும் எதையும் செய்யாதவருக்கும் ஒரே கணக்கு என்பது அநியாயமில்லையா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். வேதாகமத்தில் யோசேப்பு ஏழு செழிப்பான ஆண்டுகளின் தானியத்தைச் சேர்த்து எகிப்தைக் காப்பாற்றினார். முன்யோசனைக்கு அதைவிடப் பெரிய உதாரணம் இல்லை. ஆனால் அதே ஆதியாகமத்தை மேலும் படித்தால், பஞ்சத்தில் அந்தத் தானியத்தை வாங்க மக்கள் முதலில் மந்தைகளையும், பிறகு நிலத்தோடு தங்களையுமே பார்வோனுக்கு விற்றார்கள் என்று தெரியும். சேமிக்காதவரைத் தண்டிக்கும் உதவி அங்கேதான் போய் நிற்கும். முன்யோசனைக்காரருக்குத் தனியாக ஊக்கம் கொடுக்கலாம். மற்றவரின் மந்தையைப் பட்டினி போட்டு அந்தப் பாடத்தை நடத்த வேண்டியதில்லை.

இன்னொரு ஆட்சேபத்தை நான் ஏற்கிறேன். தொகை மாட்டுக் கணக்கில் ஏறுவதால், பெரிய பண்ணைக்குப் பெரிய பங்கு போகிறது; ஒருவருக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலர் என்ற உச்சவரம்பு சிறு பண்ணையாளரைத் தொடுவதே இல்லை. முகம் பாராமை என்பது செல்வத்துக்குத் தலைவணங்குவது ஆகாது. அந்த வரம்பைக் குறைத்து, மீதத்தைச் சிறு மந்தைகளுக்குத் திருப்ப வேண்டும். பணம் வேளைக்கு வந்துசேரவும் வேண்டும். முந்தைய சட்டத்தின் காலம் 2011 செப்டம்பரில் முடிந்து, புதியது வராததால், 2012இல் புல் கருகி நின்றவர்களுக்கு விண்ணப்பம் திறந்தது 2014 ஏப்ரலில்.