அம்மாவுக்கு மட்டும் ஏன் பிராண்டு?

அமெரிக்காவில் தலைவலி மாத்திரையை யார் எப்படி வாங்குகிறார்கள் என்று ப்ரோனன்பெர்க், டுபே, ஜென்ட்ஸ்கோ, ஷபிரோ என்ற நான்கு பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். 2015இல் வெளியான அந்தக் கட்டுரையின் தலைப்பே ஒரு கேள்விதான்: மருந்தாளுநர்கள் பேயர் வாங்குகிறார்களா? பெரும்பாலும் இல்லை. சாதாரண நுகர்வோர் வாங்கும் தலைவலி மருந்தில் சுமார் 26 சதவீதம் பெயர்பெற்ற பிராண்டு. மருந்தாளுநர்களிடம் அது 9 சதவீதம்தான். மற்றதெல்லாம் கடைக்காரர்கள் தங்கள் பெயரில் விற்கும் மலிவு மாத்திரை. உப்பு, சர்க்கரை விஷயத்தில் தொழில்முறைச் சமையல்காரர்களும் கடையின் சொந்தச் சரக்கைத்தான் அதிகம் வாங்குகிறார்கள்.

ஆக, பிராண்டுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் ஒரு பங்கு, விவரம் தெரியாததற்கு நாம் கட்டும் வரி. அப்படியென்றால் விவரம் தெரிந்துவிட்டால் வரியும் நின்றுவிட வேண்டும், இல்லையா?

என் விஷயத்தில் நிற்கவில்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் மக்கள் மருந்தகத்தில் பாராசிட்டமால் வாங்க யோசிக்கவே மாட்டேன். அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை என்றால் மட்டும் கை பழகிய பிராண்டுக்குப் போகிறது. 'அம்மா விஷயத்துல எதுக்கு ரிஸ்க், பத்து இருபது ரூபா கூடப் போனா போகட்டுமே' என்று மனம் சொல்கிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்த இருபது ரூபாய் எதை வாங்குகிறது? ஸ்ட்ரிப்பைத் திருப்பிப் பார்த்தால் பல பிராண்டுகளில் 'தயாரிப்பு' என்று ஒரு நிறுவனமும் 'விற்பனை' என்று இன்னொன்றும் இருக்கும். பெரிய பெயர்க்காரர் வேறொருவர் ஆலையில் செய்து வாங்குகிறார். மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் வெளியிடும் தரம் குறைந்த மருந்துகளின் பட்டியலில் தெரிந்த பெயர்களும் வருவதுண்டு. இரண்டு கோப்புகள் ஒன்றேதானா என்று என் தொழிலில் ஹாஷ் போட்டுச் சரிபார்த்துவிடலாம். மாத்திரையில் அந்த வசதி இல்லை. ஒவ்வொரு பேட்ச்சையும் யாராவது ஆய்வகத்தில் சோதித்தாக வேண்டும். தரத்துக்கு ஆதாரம் அந்தச் சோதனைதான். அட்டையில் உள்ள பெயர் அதிகபட்சம் ஒரு வாக்குறுதி.

அப்படியானால் நான் வாங்குவது பெரும்பாலும் என் நிம்மதியை. நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், 'பணத்தைப் பார்க்கவில்லை' என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஒரு சாட்சி. அதில் தப்பில்லை என்று சொல்லிவிடலாம். சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. விலை கூடினால்தான் அக்கறை என்றால், அதே நோய்க்குத் தன் அம்மாவுக்கு மலிவு மாத்திரை வாங்கும் மகள் அக்கறை குறைந்தவளா? அவளுக்கு அந்த மாதச் செலவில் இருபது ரூபாய் பெரிது. நான் என் மனசமாதானத்துக்காக ஏற்றுக்கொள்ளும் அளவுகோல் அவள் தலையில் குற்ற உணர்வாக இறங்குகிறது. பிராண்டு விளம்பரம் விற்பதும் அதைத்தான். அதை விலைகொடுத்து வாங்குகிறவர்களில் நானும் ஒருவன்.

இதற்கு மாற்று, கண்ணை மூடிக்கொண்டு மலிவை நம்புவது அல்ல. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தை ஜெனரிக் பெயரில் மொத்தமாக வாங்குகிறது. வரும் மருந்தின் மாதிரிகளை, தயாரித்தவர் யார் என்று தெரியாதபடி மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறது. பெயரை மறைத்த பிறகுதான் தரத்தைப் பார்க்க முடிகிறது என்பது எனக்குப் பிடித்த விஷயம். அங்கே நம்பிக்கைக்கான செலவை எல்லோருக்குமாகச் சேர்த்து ஒருமுறை செய்துவிடுகிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் நாம் அதைத் தனித்தனியாக, ஒவ்வொரு மாதமும், உறுதி எதுவும் கைக்கு வராமலே செய்துகொண்டிருக்கிறோம்.

வசதியுள்ளவர்கள் பிராண்டுக்குள் ஒதுங்கிக்கொண்டால், சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று உரக்கக் கேட்க ஆள் குறையும். அரசுப் பள்ளிக்கு நேர்ந்தது இதுதான். டாக்டரிடம் கேட்டு அம்மாவின் மாத்திரையை மாற்றுவது சிக்கனம் மட்டுமல்ல என்று இப்போது நினைக்கிறேன். அந்த மகளும் நானும் ஒரே மாத்திரையை வாங்கினால், அது சரியாக இருக்கிறதா என்ற கவலையும் இருவருக்கும் பொதுவாகும்.