பிள்ளைகளின் மகிழ்ச்சியும் பெற்றோரின் கடனும்



கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் ஒரு பேச்சுத் தொடங்கிவிடுகிறது. "அத்தா! இந்த வருஷம் எங்கே கூட்டிப் போறீங்க?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நம்முடைய இளமையில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் இருந்தது, நன்னி வீடு. சற்று வசதி கூடியபோது அது குற்றாலம், கொடைக்கானல் என்று வளர்ந்தது. இன்றோ சிங்கப்பூர், துபாய் என்று கடல் கடந்து போய்விட்டது. அங்குள்ள கேளிக்கைப் பூங்காக்களின் படங்கள் நம் பிள்ளைகளின் கையில் இருக்கும் போனிலேயே ஓடிக்கொண்டிருக்கும்போது அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

சென்ற கோடைக்கு முன் ஒரு நிகாஹ் வைபவத்திற்காக ஆலங்குளம் பக்கம் சென்றிருந்தோம். ராஜபாளையத்தை அடுத்து, சிமெண்ட் ஆலையால் பெயர் பெற்ற அதே ஆலங்குளம்தான். அஸர் தொழுகை முடிந்து வெளியே வரும்போது ஒரு சகோதரர் நம்மைத் தனியே அழைத்துப் போனார். சிறு கடை வைத்துப் பிழைப்பவர். பெண் மக்கள் இருவர்.

"ஹஜ்ரத்! பிள்ளைகளைச் சிங்கப்பூருக்குக் கூட்டிப் போவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். மச்சான் குடும்பம் போய்வந்து படங்களை அனுப்பியதிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. நாலு பேருக்கு 3 லட்சத்து 20 ஆயிரம் ஆகும் என்கிறார் ஏஜெண்ட். கையில் 60 ஆயிரம் இருக்கிறது. மீதியைக் கடனாக வாங்கித் தவணையில் கட்டலாம் என்கிறார்கள். இது கூடுமா?" என்று கேட்டார்.

நாம் யோசிக்காமலே பதில் சொல்லிவிட்டோம்: "வட்டிக்கு வாங்கி உல்லாசப் பயணமா? கூடவே கூடாது!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சிறிது நேரம் கழித்து, "பிள்ளைகளைச் சந்தோஷப்படுத்துவது பாவமா ஹஜ்ரத்?" என்றார்.

நாம் சொன்ன சட்டம் சரிதான். ஆனால் அவருடைய கேள்விக்கு அது பதில் ஆகவில்லை. அன்றிரவு அந்தக் கேள்வி நம்மைத் தூங்கவிடவில்லை. அவரைப் போல் கேட்க நினைத்தும் கேட்காமல் இருக்கும் பெற்றோர் எத்தனை பேரோ! அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

மகிழ்ச்சி மார்க்கத்துக்கு அந்நியமா?

இல்லை, சகோதரர்களே! பூமியில் பயணம் செய்து, படைப்பு எவ்வாறு தொடங்கிற்று என்பதைப் பாருங்கள் என்று சூரா அன்கபூத்தில் அல்லாஹுத் தஆலாவே நம்மை அழைக்கிறான். நம் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தின்போது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். முதல் முறை அன்னையார் முந்தினார்கள். பின்னொரு முறை நாயகம் (ஸல்) அவர்கள் முந்தி, அதற்கு இது சரியாயிற்று என்று வேடிக்கையாகச் சொன்னார்கள். அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டுக் காட்டியபோது, அன்னையார் பார்த்துச் சலிக்கும் வரை அவர்களுக்காக நின்றுகொண்டிருந்தார்கள்.

சிறுவர்களிடமோ கேட்க வேண்டியதில்லை. அனஸ் (ரலி) அவர்களின் சின்னஞ்சிறு தம்பி ஒரு குருவி வளர்த்தார். அந்தக் குருவியைப் பற்றி அக்குழந்தையிடம் செல்லமாக விசாரிப்பது நாயகம் (ஸல்) அவர்களின் வழக்கமாக இருந்தது. ஸஜ்தாவில் இருக்கும்போது பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொள்ள, குழந்தை ஆசை தீர்ந்து தானாக இறங்கட்டும் என்று ஸஜ்தாவையே நீட்டினார்கள்.

இந்த நிகழ்ச்சிகளை ஒன்றாக வைத்துப் பாருங்கள். குடும்பத்தை மகிழ்விப்பது குடும்பத் தலைவரின் கடமைகளில் ஒன்று. ஆனால் இவற்றில் எதற்கும் பெருமானார் (ஸல்) அவர்கள் கடன் வாங்கவில்லை. அவர்கள் கொடுத்தது தம் நேரத்தை, தம் முகமலர்ச்சியை, சில வேளை தம் முதுகையே!

விலை ஏன் ஏறுகிறது?

இனி அந்தப் பூங்காக்களின் கணக்கையும் பார்ப்போம். கலிபோர்னியாவில் 1955 ஜூலையில் டிஸ்னிலேண்டு திறக்கப்பட்டபோது பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 1 டாலர். உள்ளே ராட்டினங்களுக்குத் தனிச் சீட்டு. 2024 அக்டோபரில் அங்கே கூட்டம் மிகுந்த நாளின் ஒருநாள் சீட்டு 200 டாலரைத் தாண்டிவிட்டது. கூட்டம் குறைந்த நாளுக்கு ஒரு விலை, விடுமுறை நாளுக்கு வேறு விலை.

இதனால் நமக்கு முன்பே தவித்தவர்கள் பிரிட்டன் நாட்டுக் குடும்பங்கள். பிள்ளைகளை அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைத்துப் போவது அங்குள்ள நடுத்தரக் குடும்பங்களின் நெடுநாள் கனவு. பள்ளி விடுமுறையில் போனால் எல்லாம் விலை கூடுதல். பள்ளி நாளில் போனால் அபராதம்! அப்படிப் பள்ளி நாளில் மகளை ஃபுளோரிடாவுக்குக் கூட்டிப் போன ஒரு தந்தை, அபராதம் கட்ட மறுத்து வழக்காடினார். 2017 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2024 ஆகஸ்ட் முதல் இங்கிலாந்தில் அந்த அபராதம், ஒரு பிள்ளைக்குத் தாய், தந்தை ஒவ்வொருவருக்கும் 80 பவுண்டு. விமானப் பயண வரியும் அப்படியே. 1994-ல் தொடங்கியபோது தொலைதூரப் பயணத்துக்கு 10 பவுண்டாக இருந்தது, அமெரிக்கா போகிறவருக்கு 2025 ஏப்ரலில் சாதாரண வகுப்பிலேயே 90 பவுண்டு ஆகிவிட்டது.

நம்முடைய நிலைமையோ இரட்டைச் சுமை. சிங்கப்பூர் செந்தோசாத் தீவில் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்கா 2010-ல் திறக்கப்பட்டபோது சாதாரண நாள் சீட்டு 66 சிங்கப்பூர் டாலர். அன்று ஒரு சிங்கப்பூர் டாலருக்கு நாம் ஏறத்தாழ 33 ரூபாய் கொடுத்தோம். சீட்டு சுமார் 2,200 ரூபாய். 2025-ல் அந்த டாலர் 65 ரூபாயைத் தாண்டிற்று. அப்படியானால் அதே 66 டாலர் சீட்டுக்கே நம் பணத்தில் இரு மடங்கு! சீட்டின் விலையும் அன்றைய விலையில் நிற்கவில்லை. நாலு பேருக்குப் பெருக்கி, அதனோடு விமானம், விசா, தங்குமிடம், பூங்காவுக்குள் வாங்கும் தண்ணீர் முதல் பொம்மை வரை கூட்டினால், ஆலங்குளத்துக் கடைக்காரருக்கு 3 லட்சம் எப்படி வந்தது என்பது விளங்கும்.

வரிசைக்கும் விலை!

இன்னொரு செய்தி நம் சிந்தனையைத் தூண்டுகிறது. டிஸ்னி பூங்காக்களில் 1999 முதல், நெடுநேரம் வரிசையில் நிற்காமல் குறித்த நேரத்துக்கு வந்து ராட்டினம் ஏற இலவசச் சீட்டுக் கொடுத்து வந்தார்கள். அமெரிக்கப் பூங்காக்களில் 2021-ல் அதை எடுத்துவிட்டு, அந்தச் சலுகைக்கே காசு வாங்கத் தொடங்கினார்கள். கூடுதல் பணம் கொடுத்தவர் முன்னால் போவார். கொடுக்காத ஏழையின் குழந்தை வெயிலில் நின்று அவர் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பள்ளிவாசலின் ஸஃபை நினைத்துப் பாருங்கள். அங்கே முன் வரிசை முந்தி வந்தவருக்கு. மில் முதலாளியும் மில் தொழிலாளியும் தோளோடு தோள் நிற்கிறார்கள். பிந்தி வந்த செல்வர், பணம் கொடுத்தும் முதல் ஸஃபை வாங்க முடியாது. இந்தப் பாடத்தை ஐந்து வேளையும் படிக்கும் நம் பிள்ளைகள், காசிருந்தால் யாரையும் தாண்டிப் போகலாம் என்ற பாடத்தையும் நம் செலவிலேயே படிக்க வேண்டுமா? பெற்றோர் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கடனின் கசப்பு

"இப்போது போங்கள், பிறகு கட்டுங்கள்" என்கிற விளம்பரம் எங்கும் காணப்படுகிறது. மூன்று நாள் ராட்டினத்துக்கு மூன்று வருஷத் தவணை! பிள்ளைகளின் ஆரவாரம் விமானம் இறங்கிய வாரத்திலேயே அடங்கிவிடும். மாதா மாதம் ஐந்தாம் தேதி வரும் தவணையோ அடங்காது.

வட்டியைப் பற்றிச் சூரா பகராவில் வந்திருக்கும் எச்சரிக்கையை நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அதை விடாதவர்கள் அல்லாஹ்விடமிருந்தும் அவன் ரஸூலிடமிருந்தும் போர் அறிவிப்பை எதிர்பார்க்கட்டும் என்று கூறுமளவுக்குக் கடுமையானது அது. உயிர் காக்கும் நெருக்கடியில் தவிப்பவரின் நிலை வேறு. ராட்டினம் ஏற வட்டி கொடுப்பவருக்கு நாளை என்ன சாக்கு இருக்கிறது?

வட்டியில்லாக் கடனும் இலேசானதல்ல. நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனிலிருந்து பாதுகாப்புத் தேடினார்கள். ஏன் இவ்வளவு அதிகமாகத் தேடுகிறீர்கள் என்று கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் பேசுகிறான், வாக்களித்தால் மாறு செய்கிறான் என்று விளக்கினார்கள். "அத்தா வீட்டில் இல்லை என்று சொல்" என்று பிள்ளையைக் கதவருகே அனுப்புகிற வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். பிள்ளையின் சந்தோஷத்துக்காக வாங்கிய கடன், அந்தப் பிள்ளைக்கே பொய் சொல்லக் கற்றுக்கொடுத்துவிடுகிறதே!

யாருக்குக் கொடுக்க வேண்டும்?

மறுநாள் காலை அந்தச் சகோதரரைத் தேடிப் போனோம். "பிள்ளைகளைச் சந்தோஷப்படுத்துவது பாவமல்ல, அது நன்மை. நேற்று நாம் அவசரப்பட்டுப் பேசிவிட்டோம்" என்று முதலில் சொன்னோம். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டோம்: "உங்கள் கையில் உள்ள 60 ஆயிரத்தில் வேறு யாருக்காவது பாத்தியதை உண்டா?"

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். அத்தா மௌத்தான பின் வீட்டை விற்றபோது அக்காவுக்குச் சேர வேண்டிய பங்கில் ஒரு லட்ச ரூபாய் பாக்கி. அக்கா கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், நாலு வருஷமாக இவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

பெற்றோர் விட்டுச் சென்றதில் ஆணுக்கும் பங்குண்டு, பெண்ணுக்கும் பங்குண்டு. அது குறைவாயினும் சரி, அதிகமாயினும் சரி என்று சூரா நிஸாவில் அல்லாஹ் விதித்துவிட்டான். அப்படி விதித்த பங்கை வைத்துக்கொண்டு சிங்கப்பூர் போனால், அந்தப் பயணம் யார் பணத்தில்?

இதற்குப் பின் நடந்ததை அவரே பிறகு போனில் சொன்னார். 60 ஆயிரத்தையும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டு, மீதிக்குத் தவணை சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கிறார். பயணம் இல்லை என்றதும் மூத்த மகள் இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. அந்த வருத்தம் அவருக்கும் இருந்தது. ஆடிச் சாரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து, அக்கா குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு குற்றாலம் போனார்கள். வீட்டில் கட்டிய சோறு. பிள்ளைகள் எல்லாரும் அருவியில் ஒன்றாக நனைந்தார்கள். "சிங்கப்பூருக்கு இது ஈடாகுமா என்று எனக்குத் தெரியாது ஹஜ்ரத். ஆனால் மாமி நம்ம வீட்டுக்கு வந்துட்டாங்க என்று சின்னவள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்" என்றார். அறுந்த உறவு ஒட்டிற்று. இதற்கு எந்தப் பூங்காவில் சீட்டு விற்கிறார்கள்?

வசதி உள்ளோருக்கு

வசதி உள்ளவர்கள் போகவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. அவர்கள் நான்கு காரியங்களைச் சரிபார்த்துக்கொள்ளட்டும். ஜகாத் கொடுத்தாயிற்றா? கடனும், வாரிசுப் பங்கும், மனைவியின் மஹரும் பாக்கியின்றித் தீர்ந்தனவா? ஹஜ் கடமையாகி இருந்தால் அது நிறைவேறிற்றா? "ஹஜ்ஜுக்கு இன்னும் வசதி வரவில்லை" என்று சொல்லும் நாவு, அதே தொகையை ராட்டினத்துக்கு எண்ணிக் கொடுக்கக் கூடாதல்லவா? நான்காவது, தொழுகை. பயணத்தில் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கி அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான். விட்டுவிடச் சலுகை தரவில்லை.

இவை சரியாக இருந்தால் பிஸ்மி சொல்லிப் புறப்படுங்கள். திரும்பி வந்தபின் படங்களை ஊர் முழுதும் அனுப்பி, இல்லாதவர் வீட்டுப் பிள்ளைகளை ஏங்க வைக்காதீர்கள். ஆலங்குளத்துச் சகோதரரின் சோதனை மச்சான் அனுப்பிய படங்களில்தானே தொடங்கிற்று!

இதைப் படித்துவிட்டு, "பார்த்தாயா! ஊதாரித்தனம் கூடாது என்று எழுதியிருக்கிறது" என்று பிள்ளைகளை நாலு சுவருக்குள் அடைத்து வைக்கும் கருமிகளும் மகிழ வேண்டாம். கையைக் கழுத்தோடு கட்டிக்கொள்ளாதே, ஒரேயடியாக விரித்தும் விடாதே என்று சூரா பனீ இஸ்ராயீல் இரு பக்கத்தையும் தடுக்கிறது. திருவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பில் 1988-ல் அறிவிக்கப்பட்ட சாம்பல் நிற அணில் சரணாலயம் இருக்கிறது. ராஜபாளையத்து மலையில் அருவி இருக்கிறது. அல்லாஹ்வின் படைப்பைப் பார்க்க அவன் நம் வாசலிலேயே மலைத்தொடரை வைத்திருக்கிறான். ஒரு நாள் கடையை அடைத்துவிட்டுப் பிள்ளைகளோடு போய்வாருங்கள். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் உங்களைத்தான்.

வல்ல ரஹ்மான் நம் வருமானத்தில் பரக்கத்தும், செலவில் நிதானமும் தருவானாக! நம் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாக ஆக்கி, கடனின் சுமையிலிருந்தும் வட்டியின் தீமையிலிருந்தும் நம் இல்லங்களைக் காப்பானாக! ஆமீன்.